பில் இல்லாத வைடு லென்ஸ் வாங்கலாமா?

கேள்வி: சோனி ஏ7 ஃபோர் கேமராவும் 24-70 எஃப் 2.8 லென்ஸும் வைத்துக் கல்யாண வேலை செய்கிறேன். சின்ன மண்டபங்களில் மேடை முழுவதும் ஃபிரேமுக்குள் அடங்குவதில்லை. அதிக அகலம் பிடிக்கும் வைடு லென்ஸாக சோனி 16-35 எஃப் 2.8 ஜிஎம் 2 வாங்கலாமா, டாம்ரான் 17-28 எஃப் 2.8 போதுமா? தெரிந்தவர் ஒருவர் ஜிஎம் 2-வை பில் இல்லாமல் நாற்பதாயிரம் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார்.
- வாசகர், கும்பகோணம்

பதில்: உங்களுக்கு டாம்ரான் போதும். லென்ஸின் மி.மீ. எண் குறையக் குறைய ஃபிரேமில் அதிக அகலம் அடங்கும். மேடைக்குப் பத்தடி தள்ளி நின்றால் 24 மி.மீ.யில் சுமார் 15 அடி அகலம் கிடைக்கும். 17-இல் 21 அடி, 16-இல் இருபத்திரண்டரை அடி. அந்த ஒன்றரை அடிக்கு இரண்டு மடங்குக்கு மேல் விலை கொடுக்க வேண்டுமா? 2023-இல் வந்த ஜிஎம் 2 ஓரங்களில் கூர்மையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் படத்தின் ஓரத்தில் இருக்கப்போவது வாழைமரமும் பிளாஸ்டிக் நாற்காலியும். எடையிலும் டாம்ரான் 420 கிராம், ஜிஎம் 2 547 கிராம். எஃப் 4 லென்ஸ் பக்கம் போகாதீர்கள். எஃப் எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200-இல் முடிகிற வேலை 6400-க்குப் போய், படத்தில் புள்ளிகள் கூடிவிடும்.

குரூப் போட்டோவுக்கு மட்டும் இந்த இரண்டு வைடு லென்ஸையுமே தொடாதீர்கள். 17-இல் எடுத்தால் ஓரத்தில் நிற்கிற சித்தப்பாவின் தோள் அகலமாகத்தான் வரும். அது லென்ஸின் தரக்குறைவு இல்லை. அத்தனை அகலத்தைத் தட்டையான படத்துக்குள் கொண்டுவந்தால் ஓரம் இழுபடத்தான் செய்யும். பின்னால் நகர்ந்து 24-70-ஐப் போடுங்கள்.

ஜிஎம் 2 நியாயமாகிற இடம் ஒன்று உண்டு. இரண்டு பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) வைத்திருப்பவர், ஒன்றில் தூரத்தை நெருக்கிக் காட்டும் 70-200, மற்றதில் வைடு என்று முகூர்த்தத்தில் நிற்பவர். தாலி கட்டும் நேரத்தில் லென்ஸ் மாற்ற முடியாது. ஜோடியை முழு உருவமாக, முகம் இழுபடாமல் எடுக்க அவருக்கு 35 வேண்டும்; டாம்ரான் 28-இல் நின்றுவிடும். அவருக்கு அந்த ஏழு மி.மீ. முக்கியம். உங்களிடம் 24-70 இருக்கிறது, ஆகவே 28-க்கு மேல் கவலையில்லை. நாளைக்கு இரண்டாவது பாடி வாங்கி 24-70-ஐ விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இதை மறுபடி யோசியுங்கள்.

இப்போது அந்தத் "தெரிந்தவர்". வேண்டாம் சார். பில் இல்லாமல் வருகிற சரக்கு பெரும்பாலும் வரி கட்டாமல் வெளிநாட்டிலிருந்து வந்தது. லென்ஸ் அசலாகவே இருக்கலாம். ஆனால் ஆட்டோஃபோகஸ் மோட்டார் போனால் சர்வீஸ் சென்டரில் முதல் கேள்வியே இந்திய பில் எங்கே என்பதுதான். அதே நிறுவனம், அதே லென்ஸ், வாரண்டி மட்டும் பாஸ்போர்ட் கேட்கிறது! இந்த அபத்தத்தை நிறுவனங்கள் சரிசெய்தாலே புரோக்கர்கள் பாதிப்பேர் காணாமல் போவார்கள். செய்ய மாட்டார்கள். லென்ஸ் திருடு போனால் இன்சூரன்ஸுக்கும் போலீஸுக்கும் காட்டக் காகிதம் இருக்காது. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால், பில்லில் கட்டிய வரியை உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம். நாற்பதாயிரத்தில் பெரும்பகுதி அப்படியே திரும்பி வருகிற பணம். இதை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

"ஓப்பன் பாக்ஸ், ஒரு நாள்கூட யூஸ் பண்ணலை" என்பார்கள். அதற்கும் இதே பதில்தான்.

டாம்ரானை வாங்கும்போது பெட்டி, லென்ஸ், பில் மூன்றிலும் சீரியல் நம்பர் ஒன்றா என்று பாருங்கள். கேமராவைக் கையோடு கொண்டுபோய், செங்கல் சுவரோ டைல்ஸ் சுவரோ இருந்தால் அதற்கு நேராக நின்று 17-இல், எஃப் 2.8-இல் ஒரு படம் எடுங்கள். பெரிதாக்கி நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே மாதிரி லேசாக மங்கினால் பரவாயில்லை. ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் உள்ளே கண்ணாடி நேராக உட்காரவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். பணம் கட்டுவதற்கு முன்பே வேறு பீஸ் கேளுங்கள்.