'லாஸ்ட் இயர்' வந்தால் 'ஹேவ்' வராது

'ஐ ஹேவ் கான் டு பாரிஸ் லாஸ்ட் இயர்' என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார், ஏன் என்று புரியவில்லை என்கிறீர்கள். அதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, 'லாஸ்ட் இயர்' இருக்கும் வாக்கியத்தில் 'ஹேவ்' போட்டது. அதற்குக் காரணம் நம் தமிழ்தான். 'போனேன்', 'போயிருக்கிறேன்' என்ற வேறுபாடு நமக்கும் உண்டு, அது நல்ல துணை. ஆனால் தமிழில் 'போன வருஷம் பாரிஸ் போயிருக்கிறேன்' என்றாலும் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆங்கிலம் அதை ஏற்காது. எப்போது என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் 'ஐ வென்ட் டு பாரிஸ் லாஸ்ட் இயர்' மட்டுமே சரி. காலம் சொல்லாமல் அனுபவத்தை மட்டும் சொன்னால் 'ஐ ஹேவ் பீன் டு பாரிஸ்'.

இரண்டாவது சிக்கல் 'கான்'. 'ஷி ஹேஸ் கான் டு பாரிஸ்' என்றால் அவர் போய்விட்டார், இன்னும் திரும்பவில்லை. போய்விட்டு வந்தவருக்கு 'பீன்'. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

பயணப் பேச்சை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். 'ஹேவ் யு எவர் பீன் டு பாரிஸ்?' என்று ஆரம்பிக்கும். 'யெஸ், ஐ ஹேவ்' என்றதுமே 'வென் டிட் யு கோ?' என்று சாதாரண இறந்தகாலத்துக்குத் தாவிவிடும். 'வென்' என்ற கேள்விக்குள் பொதுவாக 'ஹேவ்' நுழையாது. எனக்கு இந்த ஒரு தாவல் பிடிபட்ட பிறகுதான் மற்றதெல்லாம் தெளிவானது.

நீங்கள் போன மூன்று இடங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் காலம் சொல்லாமல் 'ஐ ஹேவ் பீன் டு...', காலம் சொல்லி 'ஐ வென்ட் டு...' என்று இரண்டு வாக்கியங்களையும் எழுதி இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.