கோதிக் நாவல்களில் பேயும் பாழடைந்த கோட்டையும் தவிர வேறென்ன இருக்கிறது? ஏன் இன்னமும் படிக்கிறார்கள்?

சொத்துத் தகராறு இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இந்த வகையைத் தொடங்கிவைத்தது ஹொரேஸ் வால்போல் 1764-இல் வெளியிட்ட 'தி காசில் ஆஃப் ஒட்ரான்டோ'. கல்யாண நாளன்று ராட்சதத் தலைக்கவசம் ஒன்று முற்றத்தில் விழுந்து மாப்பிள்ளை நசுங்கிச் சாகிறான். முதல் தடவை படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் முடிச்சைப் பாருங்கள்: மாப்பிள்ளையுடைய அப்பாவின் தாத்தா தன் எசமானுக்கு விஷம் வைத்து, பொய் உயில் காட்டி, கோட்டையை அமுக்கிக்கொண்டார். பேரன் அனுபவிக்கிறான். செத்த எசமான் கணக்குக் கேட்க வருகிறார்.

அப்புறம் ஆன் ராட்கிளிஃப். 1794-இல் வந்த அவருடைய 'தி மிஸ்ட்ரீஸ் ஆஃப் உடோல்ஃபோ'வில் மோண்டோனி தன் மனைவியையே கோட்டையில் அடைத்துவைத்து, நிலபுலன்களை எழுதிக்கொடு என்கிறான். அவள் மசியாமலே செத்துப்போகிறாள். அடுத்து அவளுடைய சகோதரன் மகள் எமிலியை நெருக்குகிறான். கதை நடப்பது பிரான்சிலும் இத்தாலியிலும். ஆனால் படித்த ஆங்கிலேயப் பெண்களுக்கு இது தூரத்துக் கதையா என்ன? கல்யாணமானால் கையிலிருக்கும் பணம் கணவனுக்கு என்பதுதான் அன்றைய சட்டம். 1882-இல்தான் அது முழுதாக மாறியது.

'ஜேன் அயர்' (1847) நாவலில் மூன்றாம் தளத்தில் கேட்கும் சிரிப்பு, வீட்டுக்காரர் அங்கே அடைத்துவைத்திருக்கும் பைத்தியம் பிடித்த மனைவியுடையது. அதற்குப் பின்னாலும் அவள் கொண்டுவந்த 30,000 பவுண்டு சீதனம் இருக்கிறது.

சரி, சுவாரசியம் எங்கே? தள்ளிப்போடுவதில். எமிலி ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்று நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு ராட்கிளிஃப் வாயே திறப்பதில்லை. கடைசியில் பார்த்தால் மெழுகுப் பொம்மை! எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் இடையில் இரண்டு ராத்திரி நான் என்னென்னவோ கற்பனை செய்து தூங்காமல் கிடந்தேனே, அதற்குத்தான் இந்த நாவல்கள்.

இதைக் கிண்டலடித்தவர் ஜேன் ஆஸ்டின். 'நார்த்தாங்கர் ஆபி'யில் கேத்தரின் புயலடிக்கும் இரவில் பழைய பீரோவைத் திறந்து காகிதச் சுருளொன்றை எடுக்கிறாள். விளக்கு அணைகிறது. விடிந்து பார்த்தால் சலவைக் கணக்கு. வீட்டுக்காரரான ஜெனரல் மனைவியைக் கொன்றவர் என்று அவள் சந்தேகித்ததும் பொய்யாகிறது. ஆனால் அவள் பணக்காரி இல்லையென்று தெரிந்ததும், அதே ஜெனரல் துணைக்கு ஓர் ஆள்கூடத் தராமல் காலையிலேயே அவளை வண்டியேற்றி விரட்டிவிடுகிறார்.