ஆன் செய்ததும் பில் திரை வர வருடம் ஆறாயிரமா?

கேள்வி: எங்களுடையது சின்ன மளிகைக் கடை. பில் போடும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஹோம் இருக்கிறது. காலையில் கடை திறக்கும் அப்பாவுக்கு 67 வயது. திரையில் ஐகானைத் தேடித் திணறுகிறார். ஆன் செய்ததும் பில் திரையே நேராக வர வேண்டும். கூட்டம் இல்லாத நேரத்தில் கடைப் பையன்கள் அதில் யூடியூப் பார்ப்பதும் நிற்க வேண்டும். இதற்கு "கியாஸ்க் சாஃப்ட்வேர்" வேண்டும், வருடச் சந்தா 6,000 ரூபாய் என்கிறார் கம்ப்யூட்டர் விற்றவர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் கேட்பது இரண்டு வேலைகள். பில் திரை தானாக வருவது ஒன்று, வேறு எதையும் திறக்க முடியாமல் செய்வது இன்னொன்று. கம்ப்யூட்டரை இப்படி ஒரே வேலைக்கு மட்டும் பூட்டி வைப்பதைத்தான் 'கியாஸ்க்' என்கிறார்கள். முதல் வேலைக்கு ஒரு பைசா செலவில்லை.

விண்டோஸ் பட்டனோடு ஆர் பட்டனைச் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் 'ஷெல்:ஸ்டார்ட்டப்' (shell:startup) என்று ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் தட்டி எண்டரை அழுத்தினால் ஒரு ஃபோல்டர் திறக்கும். பில் மென்பொருளின் ஐகானை டெஸ்க்டாப்பிலிருந்து காப்பி செய்து அதில் பேஸ்ட் செய்யுங்கள். அவ்வளவுதான். அடுத்த முறை ஆன் செய்து உள்ளே நுழைந்ததும், சில விநாடிகளில் அது தானாகத் திறக்கும். ஹோம் பதிப்பிலும் இது வேலை செய்யும்.

இதைக் கடைக்கென்று தனியாக உருவாக்கிய ஒரு கணக்கில் செய்வது நல்லது. 'ஸ்டாண்டர்டு' வகைக் கணக்காக இருக்கட்டும். அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருந்தால், முக்கியமான செட்டிங்குகளை வேறு யாரும் மாற்ற முடியாது. அந்த ஃபோல்டர் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி. அதனால் கடைக் கணக்கில் நுழைந்த பிறகுதான் ஐகானைப் போட வேண்டும்.

அப்பாவுக்காக இன்னொன்று. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்கள் பலவற்றில், மின்சாரம் வந்ததும் தானாக ஆன் ஆகும் வசதி பயாஸ் (விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) செட்டிங்கில் உண்டு. அதைப் போட்டுவிட்டால் அவர் சுவர் சுவிட்சைத் தட்டினால் போதும். ஆனால் இரவில் ஷட் டவுன் கொடுத்து, முழுவதும் அணைந்த பிறகே சுவிட்சை அணைக்க வேண்டும். இல்லையென்றால் பில் கணக்கே கெட்டுப்போகலாம்.

இனி யூடியூப். விண்டோஸிலேயே கியாஸ்க் வசதி இருக்கிறது, ஆனால் ஹோம் பதிப்பில் கிடையாது. 'அப்படியானால் விண்டோஸின் புரோ பதிப்புக்கு மாறுங்கள்' என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். புரோவின் செட்டிங்ஸில் வரும் ஒற்றைச் செயலி கியாஸ்க், எட்ஜ் பிரவுசரையும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வகைச் செயலிகளையும்தான் ஏற்கும். உங்கள் பில் மென்பொருள் பிரவுசரில் ஓடுவதானால் சரி. சிடியிலோ பென்டிரைவிலோ வந்து இன்ஸ்டால் செய்த பழைய மாதிரி என்றால் அங்கே பட்டியலிலேயே வராது, போட்ட பணம் வீண். அப்படிப்பட்ட மென்பொருளையே முகப்பாக வைக்கும் ஷெல் லாஞ்சர் என்ற வசதி எண்டர்பிரைஸ், எஜுகேஷன் போன்ற பதிப்புகளில்தான் இருக்கிறது. வீடியோ பார்த்து ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் செட்டிங்குகள் இருக்கும் இடம்) கை வைப்பதும் வேண்டாம். தவறினால் காலையில் வெறும் கறுப்புத் திரைதான் வரும், அப்பா என்ன செய்வார்?

என்னைக் கேட்டால், உங்கள் பில் மென்பொருளுக்கு இணையம் தேவையா என்று முதலில் பாருங்கள். தேவையில்லை என்றால் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வைஃபையை எடுத்துவிடுங்கள், பாஸ்வேர்டையும் பையன்களுக்குச் சொல்ல வேண்டாம். யூடியூப் பிரச்சினை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். வாரம் ஒருநாள் நீங்களே இணைத்து விண்டோஸ் அப்டேட்டும் பேக்கப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இணையம் கட்டாயம் வேண்டும் என்றால்தான் அந்தச் சந்தாவைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் பணம் கட்டும் முன் உங்கள் கடையிலேயே, உங்கள் பில் மென்பொருளோடு, ஒரு வாரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சந்தா முடிந்த மறுநாள் கம்ப்யூட்டர் வழக்கம்போலத் திறக்குமா, பூட்டிக்கொள்ளுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.