பெறுபேறு வந்த பிறகு: ஆலோசனை டீச்சரிடம் கேள்வி பதில்

கொழும்பில் 20 வருடம் மாணவர் ஆலோசனை ஆசிரியையாக இருந்தேன். பரீட்சையில் தவறிய பிள்ளையின் மனம் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தைத் தாய்: டீச்சர், மகனுக்கு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு 4 புள்ளி குறைவு. "நான் மொக்கு" என்று புத்தகத்தையே தொடுகிறானில்லை. சின்னதிலிருந்து மூளைசாலி என்றுதான் எல்லோரும் சொல்வோம்.

அந்தப் பட்டத்தில்தான் சிக்கல், தங்கச்சி. மூளை பிறக்கும்போதே அளந்து கொடுக்கப்பட்டது என்று நம்பும் பிள்ளைக்கு ஒவ்வொரு பரீட்சையும் தன்னையே நிறுக்கும் தராசு. புள்ளி குறைந்தால் வெட்கம் வரும், வெட்கப்பட்ட பிள்ளை ஒளிக்கப் பார்க்கும்.

1998இல் உளவியல் ஆய்வாளர்கள் குளோடியா முல்லரும் கரோல் டுவெக்கும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். சிலரிடம் "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்றார்கள், சிலரிடம் "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றார்கள். அடுத்த சுற்றை வேண்டுமென்றே கடினமாக்கினார்கள். கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்களுக்கு அதன் பிறகு புதிரில் ஆசை குறைந்தது. முகம் தெரியாத பிள்ளை ஒருவருக்குத் தம் புள்ளியை எழுதச் சொன்னபோது, அவர்களில் 10 பேருக்கு ஏறத்தாழ 4 பேர் கூட்டி எழுதினார்கள்.

உங்கள் மகனுக்கு இருப்பது சோம்பல் இல்லை, மறுபடி நிறுக்கப்படுவேனோ என்ற பயம். பக்கத்தில் இருந்து வினாத்தாளைப் பாருங்கள், எந்த இடத்தில் வழி தவறியது என்று மட்டும் பேசுங்கள். பெரியம்மா மகளின் புள்ளியோடு ஒப்பிடாதீர்கள்.

கொட்டாஞ்சேனை: ஸ்கொலர்ஷிப்புக்கு எந்த டியூஷன் நல்லது?

அது வகுப்பாசிரியையிடம் கேட்க வேண்டியது.

பம்பலப்பிட்டி, உயர்தரப் பரீட்சை இரண்டாம் முறை: நம் ஆட்கள் மூளையை விட உழைப்பைத்தானே நம்புகிறார்கள்? "இருந்து படி, வரும்" என்றுதான் வளர்ந்தேன். அப்படியும் உடைந்துபோனேன். நீங்கள் சொல்வது அமெரிக்காவுக்குத்தான் சரி.

நல்ல இடத்தில் பிடித்தீர்கள், தம்பி. 2001இல் உளவியல் ஆய்வாளர் ஸ்டீவன் ஹைனும் சகாக்களும் கனடா, ஜப்பான் மாணவர்களை ஒப்பிட்டார்கள். கனடா மாணவர்கள் தோற்ற வேலையைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். ஜப்பான் மாணவர்கள் தோற்ற வேலையில்தான் கூட நேரம் இருந்தார்கள். ஆனால் இருந்து செய்தவனுக்கு வலிக்கவில்லை என்று யார் சொன்னது? உளவியலாளர் பேர்னார்ட் வைனர் இரண்டு வலியைப் பிரித்துக் காட்டினார். திறமை இல்லை என்று நினைத்தால் வெட்கம், முயலவில்லை என்று நினைத்தால் குற்ற உணர்வு. நம் வீடுகளில் இரண்டாவதை நிறையப் பார்த்திருக்கிறேன். "அப்பா கடையில் நின்று உழைத்த காசு" என்ற ஒரு வரி போதும்.

தெமட்டகொடைத் தந்தை: குற்ற உணர்வு இருந்தால்தானே டீச்சர் படிப்பான்?

முயலாத பிள்ளைக்கு ஓரளவு உதவும். இரவு 1 மணி வரை படித்தவனிடம் "இன்னும் முயற்சி செய்" என்றால் அவனிடம் கொடுக்க என்ன மிச்சம்? அவனுக்கு வேண்டியது வேறு முறை, வேறு உதவி.

பம்பலப்பிட்டி மறுபடி: அப்போ பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியை என்ன சொல்வீர்கள்?

நீங்கள் கோபப்படுவது நியாயம். மருத்துவம் போன்ற துறைகளில் 55 வீத இடம் மாவட்ட ஒதுக்கீடு. கொழும்பில் இடம் கிடைக்காத ஒருவருக்கு, அதே இசட் புள்ளியோடு வேறு சில மாவட்டங்களில் கிடைத்திருக்கும். ஒதுக்கீட்டுக்குக் காரணம் உண்டு, அதைக் குறை சொல்லவில்லை. இடம் போதாததை உங்கள் மூளையின் குறையாகவோ முயற்சியின் குறையாகவோ எழுத விடமாட்டேன். "மூளை வளரும்" என்று சொல்லிக் கொடுப்பதும் மந்திரம் இல்லை. 2019இல் அமெரிக்காவில் சுமார் 12,000 பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், புள்ளி குறைந்தவர்களின் பாடச் சராசரி (முழுப் புள்ளி 4) 0.1 அளவே கூடியது. பயன் உண்டு, சிறியது.

மட்டக்குளி: மகளுக்கு 3 புள்ளி குறைவு, என்ன சொல்ல?

முதல் பதிலைப் பாருங்கள்.

கிருலப்பனை: அக்காவோடு ஒப்பிட்டால் ரோசம் வரும்தானே?

வராது. ஒப்பிடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்.

பெயர் வேண்டாம்: ரிசல்ட்ஸ் வந்ததிலிருந்து மகள் சாப்பிடவில்லை. "நான் இருந்து என்ன" என்கிறாள்.

என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், அம்மா. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு இப்போதே எடுங்கள். இன்றிரவு அவளைத் தனியே படுக்க விடாதீர்கள். புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், பக்கத்தில் இருங்கள்.