லெஸ்டர் வீட்டுப் பின்புறத்தில் நாட்டுக்கோழி வளர்க்கலாமா? திருமங்கலத்துத் தம்பிக்குப் பதில்

தம்பி, நீங்கள் கேட்டது இது: மதுரைப் பக்கத்துத் திருமங்கலத்திலிருந்து குடும்பத்தோடு இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. வாடகை வீடு, பின்னால் ஓரளவு பெரிய புல்தரை. ஊரில் அம்மா வளர்ப்பது மாதிரி நாலு பெட்டை, ஒரு சேவல் வைத்து, அடை வைத்துக் குஞ்சும் பொரிக்கலாமா? இந்தக் குளிரைக் கோழி தாங்குமா?

பெட்டைகளைத் தாராளமாக வைக்கலாம். சேவலும் அடையும் வேண்டாம். குளிருக்குப் பயப்படாதீர்கள். இறகை உப்பிக்கொண்டு கோழி உறைபனியையும் தாங்கும். இங்கே அதைக் கொல்வது ஈரம், நரி, ரத்தம் குடிக்கும் செல்லுப் பூச்சி இந்த மூன்றும்தான். கூண்டு, தீனி, தினசரி வேலை எல்லாமே இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான்.

ஊரில் கோழி தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ளும். விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கினால் குப்பைமேடு, மாட்டுக்கொட்டம், வைக்கோல் படப்பு என்று சுற்றிவிட்டு, பொழுது சாய வீடு திரும்பும். நாம் போடுவது ஒரு கை கம்போ குருணையோதான். கழிச்சல் நோயும் பருந்தும்தான் அங்கே பெரிய கவலை. இங்கே வேலி போட்ட சின்னப் புல்தரையில் அதற்குத் தேடித் தின்ன ஒன்றுமே கிடையாது. நாலே கோழி ரெண்டு மாதத்தில் அந்தப் புல்லைக் கிளறிச் சேறாக்கிவிடும். அதனால் மொத்தப் பொறுப்பும் உங்கள் தலையில்.

முதலில் காகித வேலையை முடியுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் வளர்ப்புப் பிராணி பற்றி என்ன இருக்கிறதென்று பார்த்து, வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சொந்த வீடாக இருந்தாலும் சில பத்திரங்களிலேயே கோழி வைக்கக் கூடாதென்று நிபந்தனை போட்டிருப்பார்கள். அடுத்தது பதிவு. முன்பு 50 பறவையோ அதற்கு மேலோ இருந்தால்தான் கட்டாயம். 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு கோழி வைத்தாலும் ‘ஆஃபா’ எனப்படும் அரசு விலங்கு நல முகமையிடம் பதிந்தாக வேண்டும். கோழி வந்து ஒரு மாதத்துக்குள் இணையத்திலேயே முடித்துவிடலாம், கட்டணம் இல்லை. பறவைக் காய்ச்சல் பரவினால் உங்களுக்குத் தகவல் வருவதும் இந்தப் பதிவை வைத்துத்தான்.

சேவலை நாடு முழுக்கத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஜூன் மாதம் நாலரை மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும், அப்போதே கூவத் தொடங்கும். பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்கு ஒரு புகார் கொடுத்தால் சத்தத் தொல்லை என்று நோட்டீஸ் வரலாம். முட்டைக்குச் சேவல் தேவையில்லை என்பது உங்களுக்கே தெரியும். அடை வைத்தால் பொரிப்பதில் பாதி சேவல் குஞ்சு. அவற்றை யார் தலையில் கட்டுவீர்கள்? வீட்டிலேயே அறுத்துவிடலாம் என்று நினைத்தால், மயக்கமூட்டாமல் கழுத்தை அறுப்பது இங்கே வீட்டில் செய்யக்கூடியதல்ல. வடக்கம்பட்டி முனியாண்டிக்கு நேர்ந்த சேவல் ஏதாவது பாக்கி இருந்தால் ஊரிலேயே செலுத்தச் சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்களுக்கு எரிச்சல் வரப்போகிற விதி. சமையலறைக் கழிவைக் கோழிக்குப் போடக் கூடாது. மீந்த சோறு, இட்லி, காய்த்தோல், கீரைத்தண்டு எதுவுமே. நம் வீட்டுக் கோழி, நாம் தின்றதுதானே என்று கேட்டால் பதில் இதுதான்: இறைச்சி, மீன், முட்டை, பால் இவற்றில் எதைக் கையாண்ட அடுக்களையாக இருந்தாலும், அதன் வழியே போன காயும் சேர்த்தி. நோய்க்கிருமி அந்த வழியாக மந்தைக்குப் போய்விடக் கூடாதென்பது காரணம். சைவக் குடும்பம் என்றாலும் தப்ப முடியாது, தயிர் இருக்கிறதே! இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவுமே புழங்காத வீட்டுக்கு மட்டும்தான் விலக்கு. தோட்டத்தில் பறித்த கீரையை அடுக்களைக்குள் கொண்டுபோகாமல் நேரே போடலாம், அது சரி. ஊரில் பானைக்குள் சாணமும் பழைய சாக்கும் வைத்துக் கவிழ்த்து, காலையில் குஞ்சுகளுக்குக் கரையான் எடுத்துப் போடுவோமே, அந்த ஞாபகத்தில் செல்லப்பிராணிக் கடையில் விற்கும் காய்ந்த புழுவை வாங்கிவிடாதீர்கள். அது காட்டுப் பறவைகளுக்கானது, கோழிக்குப் போடுவதும் சட்டப்படி தப்பு.

அப்படியானால் தீனி? முட்டைக்கோழித் தீவனம், குச்சித் தீவனமாக வரும், 16 சதவீதம் புரதம். ஒரு கோழிக்கு நாளுக்கு 120 கிராம் கணக்கு. நாலு கோழிக்கு அரை கிலோ, 20 கிலோ மூட்டை நாற்பது நாள் வரும். கோதுமையோ மக்காச்சோளமோ சாயங்காலம் ஒரு கைப்பிடி போதும், அதற்கு மேல் போனால் கொழுத்து முட்டை குறையும். சிப்பித்தூள் தனிக் கிண்ணத்தில், தீவனத்தில் கலக்காமல். வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும். புல்லை நீளமாக வளரவிடாதீர்கள். நீளப் புல் தீனிப்பையில் பந்தாகச் சுருண்டு அடைத்துக்கொள்ளும். காலையில் தீனி வைக்குமுன் நெஞ்சின் வலப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். இரவெல்லாம் செரித்துத் தீனிப்பை காலியாக இருக்க வேண்டும். கல் மாதிரியோ, தண்ணீர்ப்பை மாதிரி தளதளவென்றோ இருந்தால் கோளாறு.

தீவனத்தை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் வையுங்கள், தீனித்தட்டை ராத்திரி உள்ளே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எலி வரும். கோழியைப் பொறுத்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர் எலியைப் பொறுக்கமாட்டார்.

பெரிய செலவு கூண்டுதான். இணையத்தில் ‘ஆறு கோழிக்கு’ என்று விற்கும் மலிவான பலகைக் கூண்டில் மூன்று கோழி நிம்மதியாக இருந்தால் அதிகம். உட்காரும் கட்டை 5 செ.மீ. அகலம், ஓரம் மழுக்கியது, கோழிக்கு 25 செ.மீ. நீளம். கட்டை முட்டைப் பெட்டியைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழிகள் பெட்டிக்குள் படுத்து எச்சமிடும், முட்டையெல்லாம் அழுக்கு. நாலு கோழிக்கு ஒரு பெட்டியே போதும், 30 செ.மீ. சதுரம். இரண்டு வைத்தாலும் எல்லாம் ஒன்றில்தான் போய் இடும்!

குளிருகிறதே என்று கூண்டின் காற்றுவழியை அடைப்பதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தப்பு. கோழியின் மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் ராத்திரி முழுக்க ஈரம் கிளம்பும். அது வெளியேற வழியில்லை என்றால் உட்பக்கம் வியர்த்து, எச்சத்தின் அம்மோனியா நெடியேறி, கோழிக்குச் சளி பிடிக்கும், கொண்டை நுனி உறைந்து கறுக்கும். கட்டையில் உட்கார்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே காற்று போக வேண்டும், உடம்பின் மேல் அடிக்கக் கூடாது. காலையில் கதவைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டுங்கள். கண் கரித்தால் காற்று போதவில்லை. ஹீட்டர் எல்லாம் வேண்டவே வேண்டாம், தூசியில் தீப்பிடித்த கதைகள் உண்டு.

தரைக்குத் தூசி நீக்கிய மரச்சீவல் நல்லது. காய்ந்த புல்லைப் போட்டால் பூஞ்சை பிடித்து நுரையீரலைக் கெடுக்கும். கட்டைக்குக் கீழே ஒரு பலகை வைத்து, தினம் காலையில் எச்சத்தைச் சுரண்டி எடுத்தால் வாராந்திர வேலை பாதி குறையும். உலாவும் இடத்துக்குக் கோழி ஒன்றுக்கு 2 சதுர மீட்டராவது கொடுத்து, முதல் நாளே மேலே கூரை போட்டுவிடுங்கள், அலைத்தகடு போதும். மழைச் சேறு இருக்காது. தவிர, பறவைக் காய்ச்சல் காலத்தில் கோழியை மூடிய இடத்தில்தான் வைக்க வேண்டுமென்று அரசு உத்தரவு போடும். 2022 நவம்பர் 7 முதல் 2023 ஏப்ரல் 18 வரை இங்கிலாந்து முழுக்க அப்படித்தான் இருந்தது. கூரையும் வலையும் முன்பே இருந்தால் அன்றைக்கு ஓட வேண்டியதில்லை.

நரி என்றால் காட்டில் இருப்பது என்று நினைக்காதீர்கள். இங்கே ஊருக்குள் தெருநாய் மாதிரித் திரியும், பட்டப்பகலிலும் வரும். ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு போவதோடு நிறுத்தாது, உள்ளே புகுந்தால் எல்லாவற்றையும் கடித்துப் போடும். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலையைப் பல்லாலேயே கிழித்துவிடும். பற்றவைத்த கம்பிவலைதான் வேண்டும், கண் 13 மி.மீ. இருந்தால் எலியும் நுழையாது. அடியில் தோண்டி வருவதைத் தடுக்க, வலையைக் கீழே மடக்கி, வெளிப்பக்கம் 50 செ.மீ. தரையோடு படுக்கவைத்து முளையடித்து, மேலே கல் பாவுங்கள். கொண்டியைப் பூட்டுகிற மாதிரி வாங்குங்கள். மதுரையில் வருடம் முழுக்க ஆறரைக்குக் கோழி அடையும், பஞ்சாரத்தைக் கவிழ்த்தால் முடிந்தது. இங்கே டிசம்பரில் நாலு மணிக்கு, ஜூனில் பத்து மணிக்கு. அதனால் வெளிச்சம் பார்த்துத் தானே மூடும் கதவை வாங்கிவிடுங்கள். முதல் வாரம் மட்டும் எல்லாம் உள்ளே போனபிறகுதான் மூடுகிறதா என்று நின்று பாருங்கள்.

செல்லு விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும். இங்கே ‘ரெட் மைட்’ என்பார்கள். பகலில் கோழியின் மேல் தேடினால் ஒன்றும் தெரியாது. பகலெல்லாம் பலகை இடுக்கில், கட்டையின் முனை செருகும் குழியில், கூரைத் தார்த்தாளுக்கு அடியில் ஒளிந்திருந்து, ராத்திரி ஏறி ரத்தம் குடிக்கும். இருட்டியபிறகு டார்ச்சோடு போய், வெள்ளை டிஷ்யூ காகிதத்தால் கட்டையின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடையுங்கள். காகிதத்தில் ரத்தக் கோடு விழுந்தால் வந்துவிட்டது. இடுக்குகளில் சாம்பல் பூத்த மாதிரி தூள் இருப்பதும் அதன் அடையாளம். கொண்டை வெளுக்கும், முட்டை குறையும், சாயங்காலம் கோழி கூண்டுக்குள் போக அடம்பிடிக்கும். கோடையில் ஏழெட்டு நாளில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். அதனால் ஒரு தடவை மருந்தடித்து விட்டால் போதாது. கழற்ற முடிந்ததைக் கழற்றிக் கழுவி, மருந்தடித்து, அஞ்சாறு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டும். கூண்டைக் காலியாக விட்டால் செத்துவிடும் என்றும் எண்ணாதீர்கள், தின்னாமலேயே மாதக்கணக்கில் கிடக்கும். இதற்காகவே பிளாஸ்டிக் கூண்டு வாங்கச் சொல்வேன். விலை அதிகம், ஆனால் இடுக்கு குறைவு, பீய்ச்சியடித்துக் கழுவலாம். மரக்கூண்டு என்றால் தார்த்தாள் கூரை மட்டும் வேண்டாம். மூலையில் ஒரு தட்டில் காய்ந்த மணலும் விறகுச் சாம்பலும் வைத்தால் கோழி புரண்டு தன் உடம்புப் பேனைத் தானே உதிர்க்கும்.

கோழி எதை வாங்குவது? நம்ம சிறுவிடை, பெருவிடை போன்ற நாட்டுக்கோழி ரகங்களைத் தேடி அலைய வேண்டாம். 16 முதல் 20 வாரத்துக்குள் உள்ள, தடுப்பூசி போட்ட பழுப்பு நிறக் கலப்பினப் பெட்டை மூன்றோ நாலோ ஒரே இடத்தில் ஒன்றாக வாங்குங்கள். சிறுவிடை ஒரு பதினைந்து முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். இந்தக் கலப்பினக் கோழிகள் அடையே அறியாமல் வருடத்துக்கு 300 வரை இடும், ஆனால் இரண்டு வருடத்தில் ஓய்ந்துவிடும். பண்ணையில் கழித்த கோழிகளை பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் டிரஸ்ட் வீடுகளுக்குக் கொடுக்கிறது. புண்ணியம்தான், முட்டையும் இடும், ஆனால் முதல் தடவை வளர்ப்பவருக்கு நான் சொல்லமாட்டேன். பாதி இறகு இல்லாமல் வரும், சீக்கிரம் சாகும், பிள்ளைகள் அழும்.

நவம்பர் வாக்கில் முட்டை நின்றுபோனால் பதறாதீர்கள். நன்றாக முட்டையிட 14 மணி நேர வெளிச்சம் வேண்டும், மார்கழியில் இங்கே 8 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மதுரையில் குறைந்த பகலே பதினொன்றரை மணி. இறகு உதிர்ந்து முளைப்பதும் அந்தச் சமயத்தில்தான். அப்போது தேவை கைமருந்தல்ல, உறையாத தண்ணீர்: காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை வெதுவெதுப்பாக மாற்றுங்கள். ரப்பர் கிண்ணமானால் பனிக்கட்டியைத் தட்டி எடுக்கலாம்.

நோய்க்கு ஊரில் மாதிரி மாத்திரையைப் பொடித்துப் புகட்ட முடியாது. ஆன்டிபயாட்டிக் கால்நடை மருத்துவர் சீட்டோடுதான். கோழி பார்க்கும் மருத்துவர் எங்கே என்று கோழி வாங்குமுன்பே விசாரித்து வையுங்கள். நம்ம வெள்ளைக்கழிச்சல் இங்கே நியூகாசில் நோய். அதுவோ பறவைக் காய்ச்சலோ என்று சந்தேகம் வந்தாலே ஆஃபாவுக்குச் சொல்லியாக வேண்டும். செத்த கோழியைத் தோட்டத்தில் புதைக்கவும் கூடாது.

கோடை விடுமுறைக்கு நாலு வாரம் ஊருக்குப் போகும்போது யார் பார்ப்பார்கள் என்பதை இப்போதே பக்கத்து வீட்டில் பேசிவையுங்கள். இடும் முட்டையெல்லாம் அவர்களுக்கே என்றால் யாரும் மறுப்பதில்லை. கோழிக்கென்று ஒரு பூட்ஸ் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். திருமங்கலத்தில் அம்மாவின் கோழிக் கொட்டத்தில் மிதித்த செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். ஆசையாகக் கொடுத்துவிடும் நாட்டுக்கோழி முட்டையும் பெட்டியில் வேண்டாம், ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள்.