வழியில் வெயில் தாக்கிய கிட்டார்: நஷ்டம் யாருடையது?

கேள்வி: கொடைக்கானலில் வீட்டிலேயே கிட்டார் வகுப்பு எடுக்கிறேன், அதுதான் என் பிழைப்பு. சென்னைக் கடை ஒன்றின் இணையதளத்தில் 64,000 ரூபாய் கட்டி ஓர் அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கினேன். மே 6-ம் தேதி கூரியரில் புக் செய்தார்கள். வத்தலக்குண்டு குடோனில் மூன்று நாள் கிடந்து, ஒரு மாலையில் மலையேறி வந்தது. ஆசையில் உடனே பிரித்தேன். பிரிட்ஜின் (கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) பின் ஓரம் பலகையை விட்டுத் தூக்கியிருந்தது. இரண்டு நாள் கழித்து மேல்பலகை வார்னிஷில் மயிரிழை போல விரிசல்கள். "தட்பவெப்பத்தால் வந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது, பெட்டியை உடனே திறந்தது உங்கள் தவறு" என்கிறது கடை. "பெட்டியில் கீறல்கூட இல்லை, நல்ல நிலையில் பெற்றதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்கிறது கூரியர். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் வாரண்டி அட்டையை நம்பிப் போகாதீர்கள். தட்பவெப்ப சேதத்தை விலக்கும் வரி பெரும்பாலான கிட்டார் வாரண்டிகளில் உண்டு. அந்த வரியோடு மல்லுக்கட்டினால் காலம்தான் போகும். உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது.

1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 39. பொருளைக் கூரியரிடம் ஒப்படைத்தாலே வாங்கியவரிடம் ஒப்படைத்த மாதிரி என்று அதன் முதல் உட்பிரிவு சொல்கிறது. கடை அதைத்தான் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் உட்பிரிவை அவர்கள் சொல்ல மாட்டார்கள். பொருளின் தன்மைக்கு ஏற்றபடி கூரியரோடு நியாயமான ஏற்பாடு செய்வது விற்றவரின் கடமை. அதைச் செய்யாமல் வழியில் பொருள் கெட்டால், அந்த ஒப்படைப்பை ஏற்க மறுக்கலாம், அல்லது விற்றவரிடமே நஷ்டஈடு கேட்கலாம்.

கிட்டாரின் தன்மை என்ன? பிரிட்ஜை மேல்பலகையோடு பிடித்து வைத்திருப்பது வெறும் பசை. வழக்கமாகப் பயன்படுத்தும் பசைகள் 60 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். மே மாத வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் அந்தச் சூடு ஏறுவது சாதாரணம். கம்பிகள் முழு இறுக்கத்தில் இருந்தால் இளகிய பிரிட்ஜை அவையே மேலே இழுத்துவிடும். அதனால்தான் விஷயம் தெரிந்த கடைக்காரர்கள் கம்பியைத் தளர்த்தி, குடோனில் தேங்காத சேவையாகப் பார்த்து அனுப்புகிறார்கள். கிட்டார் விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இதெல்லாம் தெரியாது என்று சொல்ல முடியாது.

பிரிவு 40-ஐ எடுத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வரும்: பயணத்தில் தவிர்க்க முடியாமல் ஏற்படும் தேய்மானம் வாங்கியவரின் பொறுப்பு என்கிறது அது. பிரிட்ஜ் பெயர்வது தவிர்க்க முடியாதது அல்ல. அதே மலைச்சாலையில் எத்தனையோ கிட்டார்கள் நல்லபடியாக வந்து சேர்கின்றன.

இனி உங்களுக்குப் பாதகமான பகுதி. வார்னிஷ் விரிசல் திடீர் வெப்ப மாற்றத்தில் வருவது. மரமும் வார்னிஷும் ஒரே வேகத்தில் சுருங்காது. வந்த பெட்டியைப் பிரிக்காமல் ஒரு நாள் வைத்திருந்தால் உள்ளே மெல்ல ஆறியிருக்கும். இரண்டு நாள் கழித்துத் தெரிந்த விரிசலுக்கு நீங்களும் காரணம் என்று அவர்கள் வாதாடலாம், அது எடுபடவும் கூடும். ஆகவே வழக்கைப் பிரிட்ஜின் மேல் கட்டுங்கள். பிரித்த நிமிடத்திலேயே அது தூக்கியிருந்தது என்றால் சேதம் வழியில் நடந்தது. நீங்கள் பெட்டியைத் திறந்தது அதற்குக் காரணமாக முடியாது. விரிசலையும் சேர்த்துக் கேளுங்கள், இரண்டாவதாக.

ஒன்றைப் பார்த்து எனக்கு எழுதுங்கள்: "24 மணி நேரம் கிட்டார் கேஸைத் திறக்காதீர்கள்" என்பது போன்ற எச்சரிக்கை ஏதும் உங்களுக்கு வந்ததா, வந்திருந்தால் எங்கே இருந்தது? வெளிப்பெட்டியில் ஒட்டாமல், கேஸுக்குள் இருக்கும் கையேட்டில் மட்டும் அச்சிட்டிருந்தால், திறந்த பிறகுதான் உங்களால் படிக்கவே முடியும். அப்படியானால் "உடனே திறந்தது உங்கள் தவறு" என்ற வாதம் பாதி விழுந்துவிடும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி திண்டுக்கல் மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம். வாங்கியவர் குடியிருக்கும் இடத்தில் தொடர அது வழிவிடுகிறது. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. வகுப்பு நடத்திச் சம்பாதிக்க வாங்கியது, நீங்கள் நுகர்வோரே அல்ல என்று சொல்வார்கள், கலங்க வேண்டாம். சுயதொழில் செய்து வயிறு கழுவ வாங்கியது வணிக நோக்கம் ஆகாது என்று பிரிவு 2(7)-ன் விளக்கமே சொல்கிறது. யாராவது அதே சட்டத்தின் 'உற்பத்திப் பொருள் பொறுப்பு' அத்தியாயத்தில் போடச் சொன்னால் கேட்காதீர்கள். பொருளுக்கே ஏற்படும் சேதம் அந்த அத்தியாயத்தின் 'தீங்கு' என்பதில் வராது. குறைபாடுள்ள பொருள், சேவைக் குறைபாடு, இந்த இரண்டும் போதும்.

கையெழுத்து விஷயம்: மூடிய பெட்டிக்குப் போட்ட கையெழுத்து உள்ளே இருப்பதற்குச் சான்று ஆகாது. பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும் வரை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது (சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 41). ஆனால் நிராகரிப்பதை உடனே எழுத்தில் சொல்ல வேண்டும். போனில் மட்டும் சொல்லியிருந்தால் இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

கூரியரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள், ஆனால் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். சாலை வழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-ல் கூரியரும் அடங்கும். அதிக மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டியிருந்தால் ஒழிய, பொறுப்பு சரக்குக் கட்டணத்தின் 10 மடங்கோடு நின்றுவிடும். கட்டணம் 900 ரூபாய் என்றால் 9,000. அதற்கும் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் போக வேண்டும். உங்கள் கணக்கில் அது நவம்பர் 2. கடைசி நாள் வரை காக்காமல் இந்த வாரமே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். ஆணையத்தில் மனுப் போட 2 வருட அவகாசம் இருக்கிறதே என்று இதைத் தள்ளிப் போட்டுவிடாதீர்கள்.

கிட்டாரை ரிப்பேருக்குக் கொடுக்க அவசரப்படாதீர்கள். கம்பிகளை மட்டும் தளர்த்திவிடுங்கள். சேதம் கூடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை, அதைச் செய்ததாகவும் எழுதி வையுங்கள். பழுது பார்க்கும் கைவினைஞர் ஒருவரிடம் காட்டி, பசை எப்படி விட்டிருக்கிறது, காரணம் என்ன, செலவு எவ்வளவு என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். அது வெப்பத்தால் வந்ததா என்று சொல்லும் அந்த ஒரு தாள் என் வாதத்தை விட உங்களுக்கு உதவும். கூரியரின் டிராக்கிங் பக்கம் சில மாதங்களில் அழிந்துவிடலாம். குடோனில் கிடந்த மூன்று நாளும் தெரியும்படி இப்போதே படம் பிடியுங்கள். பிரித்தபோது எடுத்த வீடியோ இருந்தால் மூல ஃபைலை அப்படியே வைத்திருங்கள், வாட்ஸ்அப்பில் வந்த நகல் போதாது. அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடவே வேண்டாம்.

அப்புறம், கடையின் குறைதீர் அலுவலருக்கு முதலில் புகார் போகட்டும். 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். அந்த மாதம் பதிலின்றிக் கழிந்தால் முழு விலை, அல்லது ரிப்பேர் செலவும் மதிப்புக் குறைவும், அதோடு வகுப்பு நின்ற நாட்களின் வருமானம், இவற்றைக் கேட்டு மனுவை எழுதிவிடலாம்.