1874 வாட்டர் கம்பெனி ஷேர்: வித்தவர் மேல கேஸ் போடலாமா?

கலிபோர்னியா ஃப்ரீமான்ட்ல இருந்து ஒரு வாசகர் நாலு பக்கம் எழுதியிருக்கார், சுருக்கிச் சொல்றேன். பழைய ஷேர் சர்டிஃபிகேட் சேர்க்கறவர். நெவாடால வெள்ளிச் சுரங்க ஊரான வர்ஜீனியா சிட்டிக்குத் தண்ணி குடுத்த வர்ஜீனியா அண்ட் கோல்ட் ஹில் வாட்டர் கம்பெனியோட 1874 ஷேரை ஆன்லைன்ல 2,400 டாலருக்கு வாங்கியிருக்கார். கேன்சல் ஆகாத ஷேர், அதனால இன்னும் செல்லும்னு நம்பிட்டார். அதுல 1,800 டாலர் மூணு ஃப்ரெண்ட்ஸ் போட்டது. இப்போ செல்லாதுன்னு தெரிஞ்சதும் வித்தவர் 1,900-க்குத் திரும்ப எடுத்துக்கறேங்கறார், இவர் முழுப் பணம் குடு இல்லன்னா கோர்ட்டுல பாக்கலாம்ங்கறார்.

சார், வித்தவர் ஃபோன்ல மரியாதையில்லாம பேசினது, பத்து நாள் பதில் போடாதது எதுவும் கோர்ட்ல நிக்காது. ரெவென்யூ ஸ்டாம்ப் இல்லை அதனால போலிங்கறீங்க, அந்த ஸ்டாம்ப் வரியே 1872 அக்டோபரோட எடுத்தாச்சு, 1874 பேப்பர்ல இல்லாம இருக்கறதுதான் சரி. கேன்சல் ஆகலைன்னா ஓட்டை போடலை, குறுக்க பேனாவால எழுதலைன்னு அர்த்தம், கம்பெனி உயிரோட இருக்குன்னு அர்த்தம் இல்லை. 1873-ல சியரா மலைல இருந்து 7 மைல் இரும்புக் குழாய்ல தண்ணி கொண்டு வந்தாங்க, அந்த சிஸ்டத்தை 1963-ல நெவாடா ஸ்டேட் வாங்கிச்சு, அதனால ஸ்டேட் உங்களுக்குக் கடன்பட்டிருக்குன்னு ஒரு கணக்கு போட்டிருக்கீங்க பாருங்க, அவங்க வாங்கினது ஏரியையும் குழாயையும், உங்க பேப்பரை இல்லை. நீங்க அனுப்பின அவர் விளம்பரத்தோட ஸ்க்ரீன்ஷாட்லயே கடைசி வரில 'சேகரிப்புக்கு மட்டும்'னு இருக்கு. வித்தவர் கதை இதோட முடிஞ்சுது.

எனக்கு பயமே வேற இடத்துல. நாலு பக்கத்துல நீங்க ஒத்தை வரில தாண்டிப் போன விஷயம், அந்த 1,800. நீங்க க்ரூப்ல போட்ட மெசேஜ்: "ஆளுக்கு 600 போடுங்க, க்ளெய்ம் வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன், வர்றதை நாலு பேரும் பிரிச்சுக்கலாம்." அடுத்தவன் காசு, பொது முயற்சி, உங்க உழைப்புல அவங்களுக்கு லாபம். 1946-ல ஹோவி கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஃப்ளோரிடா ஆரஞ்சுத் தோட்டத்துல பணம் போடறதையே செக்யூரிட்டின்னு, அதாவது ஷேர் மாதிரி முதலீட்டுப் பத்திரம்னு சொன்னது இதே கணக்குலதான். நீங்க வாங்கினது பழைய காகிதம், ஆனா ஃப்ரெண்ட்ஸுக்கு வித்தது புது செக்யூரிட்டின்னு எதிர்த்தரப்பு வக்கீல் வாதாட இது போதும். செக்யூரிட்டியை அரசாங்கத்துகிட்ட பதிவு பண்ணாம வித்தா ஏமாத்தற எண்ணம் இருந்துதாங்கற கேள்வியே வராது, பணத்தை வட்டியோட திருப்பணும். பதிவுல இருந்து விலக்கு உண்டு, அது உங்களுக்குப் பொருந்தும்னு நிரூபிக்க வேண்டியது நீங்க. ஃப்ரெண்ட்ஸ்தானே சார்னு சொன்ன க்ளையன்ட்ஸ நான் நிறைய பாத்திருக்கேன், வித்தவன் மேல கேஸ் போடுவாங்க, அதுல அவங்க மெசேஜே வெளிய வரும், அதைப் படிச்சுட்டு ஃப்ரெண்ட் தனியா வக்கீல் வெப்பான்.

அதனால 1,900-ஐ வாங்கிக்கோங்க. மூணு பேருக்கும் 600, 600, 600 முழுசா இந்த வாரமே குடுத்துடுங்க, 500 நஷ்டம் உங்களோடது, அவங்க தலைல பிரிச்சுப் போடாதீங்க. 'கணக்கு தீர்ந்தது'ன்னு ஆளுக்கு ஒரு கையெழுத்து வாங்குங்க. க்ரூப் மெசேஜை அழிச்சிடலாமான்னு கேட்டிருக்கீங்க, தொடவே தொடாதீங்க, மெசேஜை விட அதை அழிச்சதுதான் பெரிய தலைவலி ஆகும்.

பேப்பரைத் திருப்பி அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணி, இன்ஷூர் பண்ணி அனுப்புங்க. முன்பக்கம் ஒரு பேரும் 'ட்ரஸ்டி'ன்னும் இருக்கு, பின்பக்கம் அவர் கையெழுத்து, வாங்கறவர் பேருக்கு ஒரு காலி கோடு. அந்தக் கோட்டுல உங்க பேரை எழுதலாமான்னு கடைசியா கேட்டிருக்கீங்க. எழுதினீங்கன்னா அந்த 1,900-ம் வராது.